எழுத்தாளர் வந்ததும் எழுத்துகள் தடம் மாறியதும்

அன்பு மகனுக்கு,

கவரைப் பிரிக்கும்போதே உன் புருவம் மேலே போயிருக்கும், கோபித்துக்கொள்ளாதே. கையில் போன் இருக்கும்போது யாராவது உட்கார்ந்து கடிதம் எழுதுவார்களா என்று கேட்பாய், நியாயம்தான், மன்னித்துக்கொள். ஆனால் போனில் நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்தால் முதல் வாக்கியத்துக்கு "ம்" என்கிறாய், இரண்டாவதற்கு "சரிம்மா" என்கிறாய், மூன்றாவது வாக்கியம் இதுவரை எனக்கு வாய்த்ததே இல்லை. காகிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது. நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் இடது முழங்காலைத் தவிர, அது மட்டும் மழை வருவதற்கு முன்பே வீட்டுக்குத் தகவல் சொல்லிவிடுகிறது. உன் உடம்பும் உன் ஆஸ்பத்திரி வேலையும் சீராக இருக்கும் என்று நம்புகிறேன். நர்ஸ் வேலை பார்க்கிறவனுக்கு உடம்பைப் பார்த்துக்கொள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் அதையும் சொல்லாவிட்டால் அம்மா என்ற பதவி எனக்கு எதற்கு.

நான் வேலை பார்க்கிற நூலகத்துக்கு ஒரு பெண் நாவலாசிரியர் வரப்போகிறார் என்று முன்பே போனில் சொன்னேன், நீ இப்போது இருக்கிற நாட்டுக்காரர், நீ அங்கே போய்க் கற்றுக்கொண்ட அதே மொழியில் எழுதுகிறவர். கேட்டாயா, இல்லை நோயாளிக்கு ஊசி போட்டுக்கொண்டே தலையாட்டினாயா, தெரியவில்லை. அவர் வந்தார், பேசினார், போயும் விட்டார். போவதற்கு முன் என்னிடம் ஒன்று கேட்டார். அவருடைய நாவல் ஒன்றை நான் தமிழில் மொழிபெயர்க்க வேண்டுமாம். அவருடைய பதிப்பாளருக்கு இந்த மாதக் கடைசிக்குள் பதில் எழுத வேண்டும், நான் இன்னும் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு காகிதம். எனக்கு ஆசை இல்லாமல் இல்லை, இத்தனை வயதில் ஒரு விஷயத்துக்கு இவ்வளவு ஆசைப்படுவதே வெட்கமாக இருக்கிறது. ஆனால் நான் சரி என்று சொல்வதாக இருந்தால் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கும். நீயோ, முன்பொரு முறை அலுத்துப்போய், "ஊர்லேர்ந்து யார் போன் பண்ணினாலும் கடைசில என்கிட்ட ஏதாவது கேக்கத்தான் பண்றாங்கம்மா" என்று சொன்னாய். அன்றிலிருந்து உன்னிடம் நான் எதையும் கேட்பதில்லை என்று வைத்திருக்கிறேன், கவனித்தாயோ என்னவோ, அங்கே குளிரா வெயிலா என்றுகூட நான் கேட்பதில்லை, நீயாகச் சொன்னால் உண்டு.

முதலில் விழா ஏற்பாட்டைச் சொல்கிறேன். நம் ஊரில் புத்தகம் படிக்கிறவர்கள் ஒரு கூட்டம், சினிமா பார்க்கிறவர்கள் ஒரு கூட்டம், இருவரும் தெருவில் எதிரெதிரே வந்தால் ஒருவர் கடைக் கண்ணாடியைப் பார்ப்பது மாதிரித் திரும்பிக்கொள்வார். இவர்களை ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்து, அந்த நாவலை வைத்து எடுத்த படத்தைக் காட்டி, எழுதியவரையும் பேசவைப்பது என்று எங்கள் நூலகர் மேடமும் பல் டாக்டரும் முடிவு செய்தார்கள். பல் டாக்டர்தான் இப்போது திரைப்படக் கழகத் தலைவர். படத்தின் வசனம் முழுவதும் ஆங்கிலத்தில் அச்சாகி வந்தது. அதைத் தமிழில் எழுதி, ஒவ்வொரு வரியையும் ஒரு ஸ்லைடாகப் போட்டு, பெரிய திரைக்குக் கீழே ஒரு சின்னத் திரையில் சப்டைட்டில் மாதிரிக் காட்ட வேண்டும். யார் செய்வது என்று பேச்சு வந்ததும் மேடம் என் பக்கம் பார்த்தார், நான் உடனே கீழே விழாத ஒரு புத்தகத்தை எடுக்கக் குனிந்தேன். பலிக்கவில்லை. "எங்க குடும்பத்துலயே நான்தான் முதல் டிகிரின்னு சர்டிபிகேட் வந்த அன்னைக்கு எல்லாருக்கும் பிஸ்கட் கொடுத்தியே, நாங்க சும்மாவா தின்னோம், எழுது" என்றார். அஞ்சல் வழியில் படித்து வாங்கிய ஆங்கிலப் பட்டம் இத்தனை வருஷம் கழித்து என்னைப் பிடித்துக்கொண்டது.

கதை இதுதான். ஒரு ரயில் நிலையத்தில் பயணிகள் பெட்டிகளை ஒப்படைத்துவிட்டுப் போகிற அறை, அதைப் பார்த்துக்கொள்கிறவள் ஒரு பெண். அவளுடைய தம்பி ஒருநாள் ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று போனவன் வரவில்லை. வருஷங்கள் போகின்றன, அவள் அந்தப் பெட்டியைத் திறக்கவும் இல்லை, இடம் மாற்றி வைக்கவும் இல்லை. கடைசியில் தலை நரைத்துப்போய் வந்து, அக்கா நான்தான் என்று மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்கிறான். அவள் ஒரு வார்த்தை பேசாமல் பெட்டியைத் தூக்கி அவன் முன்னால் வைக்கிறாள், படம் முடிந்துவிடுகிறது. நான் இதை அப்பாவுக்குச் சொன்னபோது "பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சு" என்றார், அதைச் சொல்ல மாட்டார்கள் என்றேன், "அப்ப டிக்கெட் பணத்துல மிச்சத்தைத் திருப்பித் தருவாங்களா" என்றார். உடனே நான் உன்னைக் குத்திக்காட்டுவதாக நினைத்துக்கொள்ளாதே. நீ பெட்டியைக் கையோடு கொண்டுபோய்விட்டாய், இங்கே விட்டுப் போனது ஒரு ஜோடி பிய்ந்த செருப்பு மட்டும்தான், அதைப் போன வருஷமே தூக்கி எறிந்துவிட்டேன்.

எழுத்தாளர் வந்த அன்றே எங்கள் நூலக லிஃப்டில் மாட்டிக்கொண்டார். அந்த லிஃப்டைப் பார்த்துக்கொள்கிற மெக்கானிக் யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம், அவருடைய மூக்கைத்தான் நீ வாங்கியிருக்கிறாய். மேடம் போனில் அப்பாவிடம் பேசிய பேச்சை நான் இங்கே எழுதப்போவதில்லை. அப்பா பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து கதவை நெம்பித் திறந்தால், உள்ளே அந்த அம்மா தரையில் சம்மணம் போட்டு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கிறார், திட்டு விழும் என்று நின்ற அப்பாவிடம் ஒரு சுளையை நீட்டினார். வெளியே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, இப்படி மாட்டிக்கொள்கிறவர்கள் உள்ளே என்னதான் செய்வார்கள் என்பது. நான் என் ஆங்கிலத்தை இழுத்துப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா யோசித்துவிட்டு, "மொதல்ல எல்லா பட்டனையும் அமுக்குவாங்க, அப்புறம் கதவைத் தட்டுவாங்க, அதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் பக்கத்துல இன்னொருத்தர் நிக்கறதையே பாப்பாங்க" என்றார். அந்த அம்மா பேனாவை எடுத்து அதை உள்ளங்கையிலேயே எழுதிக்கொண்டார். அவ்வளவுதான், அடுத்த நாவலில் தான் வரப்போவதாக அப்பா நம்பிவிட்டார். தினமும் சவரம் செய்கிறார். "முழங்கால் சமாச்சாரம் மட்டும் அவங்க காதுக்குப் போக வேண்டாம்" என்று எனக்கு உத்தரவு வேறு.

விழாவன்று கூடம் நிறைந்துவிட்டது. உன் சித்தி எனக்காக ஒரு புது ரவிக்கை தைத்துக் கொடுத்திருந்தாள், போட்டால் மூச்சு விடக் கூடாது என்ற நிபந்தனையோடு. பல் டாக்டர் தினமும் எல்லாரையும் வாயைத் திறக்கச் சொல்கிறவர், அன்றைக்குத் தன் வாயை மூட மறந்துவிட்டார். விருந்தாளியின் பிறப்பிலிருந்து ஆரம்பித்து அவர் படித்த பள்ளி, வாங்கிய பரிசு, வளர்க்கும் பூனை வரைக்கும் வந்தார். எழுத்தாளர் எழுந்து, என்னைப் பற்றி எனக்கே தெரியாத நிறைய விஷயங்களை இன்று தெரிந்துகொண்டேன், குறிப்பாக அந்தப் பூனையை, எனக்குப் பூனை கிடையாது என்றார். நான் அதை மெல்லத் தமிழில் சொன்னதும் கூட்டம் சிரித்தது, டாக்டரும் சிரித்தார், அவர் பல் மட்டும் சிரிக்கவில்லை.

பிறகு விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டார்கள். நான் பின்னால் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு பட்டனைத் தட்டிக்கொண்டிருந்தேன், ரொம்ப அழகாகப் போனது, எனக்கே கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது. படத்தில் ஓரிடத்தில் எழுத்தாளரே ஒரு சின்ன வேஷத்தில் வந்து டிக்கெட் வாங்குவார். அங்கே டிக்கெட் கொடுப்பவரின் வசனத்துக்காக நான் தட்டினால், திரையில் "பயணச்சீட்டு வாங்கும் இவரே இன்றைய நம் சிறப்பு விருந்தினர்" என்று வருகிறது. நான் எழுதியதே இல்லை அது. கூட்டம் கை தட்டியது. அடுத்த வரிக்குத் தட்டினேன், டிக்கெட் கொடுப்பவர் முகத்துக்குக் கீழே "நாற்காலிகள் தந்து உதவிய மூக்குக் கண்ணாடிக் கடைக்கு நன்றி" என்று வந்தது. நான் டீ குடிக்கப் போன நேரத்தில் மேடம் விருந்தாளிக்கு ஒரு மரியாதையாக இருக்கட்டும் என்று இரண்டு ஸ்லைடை நடுவில் செருகிவிட்டு, என்னிடம் சொல்ல மறந்திருக்கிறார். அவ்வளவுதான், அங்கிருந்து எல்லா வரியும் இரண்டு வரி பின்தங்கிவிட்டது. அடுத்து அக்கா தம்பியின் போட்டோவைப் பார்த்துப் பேசுகிற இடம், அதற்கடுத்தது ஸ்டேஷன் மாஸ்டர் தரை கூட்டுகிறவரைப் பிடித்துக் கத்துகிற இடம். மாஸ்டர் முகம் சிவக்க விரலை ஆட்டிக் கத்துகிறார், கீழே "உன்னை நினைக்காத நாளே இல்லை" என்று வருகிறது. கூட்டுகிறவர் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து முணுமுணுக்கிறார், "நேரத்துக்குத் தூங்குகிறாயோ இல்லையோ" என்று வருகிறது. கூடமே குலுங்கிச் சிரித்தது. சினிமாக் கூட்டமும் புத்தகக் கூட்டமும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன், மேடத்தின் திட்டம் ஒருவிதத்தில் நிறைவேறிவிட்டது என்று வை.

இரண்டு தட்டு கூடத் தட்டியிருந்தால் சரியாகியிருக்கும் என்று நீ சொல்வாய், உன் அப்பாவும் அதைத்தான் சொன்னார், நீங்கள் இருவரும் எப்போதும் சம்பவத்துக்கு மறுநாள் ரொம்பக் கெட்டிக்காரர்கள். எனக்கு அப்போது எண்ணத் தோன்றவில்லை. தட்டு தட்டென்று தட்டினேன், வரிகள் ரயில் மாதிரி ஓடிக் கடைசி வரியில் போய் நின்றன, "அக்கா, நான்தான்" என்று. படம் பாதிகூட ஆகவில்லை. முன் வரிசையில் ஒரு பெண் சத்தமாக, "அப்பாடா, தம்பி வந்துடறான்" என்றாள். அந்த நிமிஷம் தரை பிளந்தால் இறங்கிவிடலாம் என்று கீழே பார்த்தேன், நல்ல கெட்டியான தரை. சின்னப் புரொஜக்டரின் மூடியைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். இருட்டில் பல் டாக்டர் வந்து, "மூடினா எப்படிம்மா, ஜனங்களுக்கு ஒண்ணும் புரியாது, வசனம் உங்களுக்கு மனப்பாடம்தானே, வாயாலயே சொல்லுங்க" என்றார். என்னால் முடியாது டாக்டர் என்றேன். "வலிக்காது" என்றார், எல்லாரிடமும் சொல்கிற அதே குரலில்.

தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு ஆரம்பித்தேன். எனக்கு இருப்பது ஒரே குரல், நூலகத்தில் பேசுகிற குரல். ஸ்டேஷன் மாஸ்டருக்கும் அதுதான், கூட்டுகிறவருக்கும் அதுதான், அக்காவுக்கும் தம்பிக்கும் அதுதான். பின் வரிசையில் இருந்து யாரோ, "கேக்கலை, கொஞ்சம் சத்தமா" என்றார், நான் சத்தமாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கேட்காதவர்கள் எழுந்து முன்னால் வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்கள், இருமல்கூட இல்லை. யார் பேசுகிறார்கள் என்பதை அவர்கள் திரையில் பார்த்துக்கொண்டார்கள், நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனேன், எங்கே நிற்கிறேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது. கடைசிக் காட்சி வந்தது. தம்பி வந்து நிற்கிறான், நான்தான் என்கிறான், அவள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அந்த இடத்தில் அவளுக்கு வசனம் கிடையாது, காகிதத்தில் வெறும் இடம்தான் இருந்தது. ஆனால் நான் "வந்துட்டியா" என்று சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை, வாய் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு பெட்டி மேஜைமேல் வந்தது. விளக்கைப் போட்டபோது முன் வரிசைப் பெண் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள், முடிவு முதலிலேயே தெரிந்தும். உன் சித்திக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. "அக்கா, வீட்ல நாலு தடவை கூப்பிட்டா ஒரு தடவை கேக்கற குரல், நீதானா பேசின" என்றாள்.

மறுநாள் காலை அந்த அம்மா எங்கள் நூலக மாடியறையில் டீ குடிக்க வந்தார், நானும் அப்பாவும் மேடமும் இருந்தோம். வரிகள் தடம் மாறியதற்கு நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கடைசியில் நான் எழுதாத இடத்தில் நீங்கள் ஏதோ சொன்னீர்களே, அது என்ன என்றார். வந்துவிட்டாயா என்று கேட்டேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. அவன்தான் கண்முன்னால் நிற்கிறானே, வந்துவிட்டானா என்று அவனிடமே ஏன் கேட்க வேண்டும் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னதும் அப்பா உள்ளே புகுந்தார். "நான் தெனமும் வேலை முடிஞ்சு வீட்டுக்குள்ள வந்து, செருப்பைக் கழட்டிட்டு, இவ முன்னாலயே நிக்கறேன், வந்துட்டீங்களாங்கறா, ஒரு நாளாவது இல்லைன்னு சொல்லிப் பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை" என்றார். இதை நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது என்பதுதான் கொடுமை. அந்த அம்மா சிரித்து முடித்துவிட்டு, அவள் தம்பிமேல் கோபமாக அல்லவா இருக்கிறாள், இப்படி அன்பாகக் கேட்பாளா என்றார். கோபமாக இருக்கிறவளும் அதைத்தான் கேட்பாள், கோபம் இல்லாதவளும் அதைத்தான் கேட்பாள் என்றேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை, பெரியவர்களிடம் நான் எதிர்த்துப் பேசி நீ பார்த்திருக்க மாட்டாய். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, என் கதையில் வருகிறவளும் அப்படித்தான், இரண்டுமாக இருக்கிறாள், அதற்கு ஒரு வார்த்தை என் மொழியில் கிடைக்காததால்தான் அவளைப் பேசாமல் நிறுத்தினேன் என்றார். பிறகுதான் கேட்டார், இந்த நாவலை நீங்கள் தமிழில் எழுதுகிறீர்களா என்று. ஒரே நிபந்தனை, அந்த வார்த்தையை நான் எழுதக் கூடாதாம், ஆனால் படிக்கிறவர்களுக்கு அது கேட்க வேண்டுமாம்.

நான் உடனே சரி என்று சொல்லியிருப்பேன். ஆனால் அவர் தன் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தைத் தன் மொழியில் வாசித்துக் காட்டினார். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. அதே பக்கம் ஆங்கிலத்தில் என் மடியில் இருந்தது, விரல் வைத்துத் தொடர்ந்துகொண்டே வந்தேன். ஆங்கிலத்தில் சாதாரணமாகப் போகிற ஒரு இடத்தில் அவர் குரல் இறங்கி, உதட்டோரத்தில் குறும்பாக ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு என் மடியில் இருந்த புத்தகத்தில் எங்கேயும் இல்லை, திருப்பித் திருப்பித் தேடினேன். ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் இஸ்திரி போட்டுவிட்டார்கள் என்று அவரே சொன்னார். ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு நான் எழுதினால் இஸ்திரி போட்டதையே மறுபடி இஸ்திரி போட்டுக் கொடுப்பேன், அது எனக்கு வேண்டாம். உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாருக்காவது என் மொழி தெரியுமா என்று கேட்டார். என் மகன் அங்கேதான் இருக்கிறான், நாள் முழுக்க அந்த மொழியில்தான் நோயாளிகளோடு பேசுகிறான் என்றேன். பிறகு என்ன என்றார். அவனுக்கு வேலை அதிகம், கேட்க முடியாது என்றேன். அவர் என்னையே பார்த்துவிட்டு, எனக்கும் ஒரு மகன் இருக்கிறான், நானும் அவனிடம் எதையும் கேட்டதில்லை, அதனால் அவன் முடியாது என்று சொன்னதே இல்லை, ரொம்ப நல்ல பிள்ளை, இரண்டு வருஷமாகப் பேசவில்லை என்றார். அப்பா, "என்ன சொன்னாங்க, என்ன சொன்னாங்க" என்று என் முழங்கையை இடித்தார், அதை மட்டும் நான் அவருக்கு மொழிபெயர்க்கவில்லை.

இங்கே மற்றபடி புதிதாக ஒன்றுமில்லை. மேடம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இரண்டு ஸ்லைடுக்காக வருத்தப்படுகிறார், உடனே கண்ணாடிக் கடைக்காரர் ரொம்பச் சந்தோஷப்பட்டார் என்றும் சேர்த்துக்கொள்கிறார், நாற்காலிக்கு இவ்வளவு விளம்பரம் அவருக்குக் கிடைத்ததே இல்லையாம். பல் டாக்டர் அடுத்த படத்துக்கும் சப்டைட்டிலே வேண்டாம், அம்மா தூணுக்குப் பின்னால் நிற்கட்டும் என்று கழகத்தில் பேசியிருக்கிறார். நான் இப்போதைக்கு அவர் கண்ணில் படாமல் இருக்கிறேன், பல் வலித்தாலும் போவதாக இல்லை. நீ இரவு டியூட்டி முடிந்து வந்து, ஈரத் தலையோடு தூங்காதே. காலையில் வெறும் காபியோடு ஓடாதே. உன் வீட்டுச் சொந்தக்காரர் அம்மாவைப் படியில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போகாமல் ஒரு வார்த்தை பேசு, கூச்சம் என்னோடு போகட்டும், உனக்கு வேண்டாம். நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக நடக்க வேண்டும், உன் கை பட்டவர்கள் குணமாகி வீட்டுக்குப் போக வேண்டும், நீயும் மனநிறைவோடு தூங்க வேண்டும், எங்கள் இருவரின் ஆசி உனக்கு என்றும் உண்டு. பல் பரிசோதனைக்குப் போகிறேன் என்று சொன்னாயே, மறந்துவிடாதே.

இனி தள்ளிப்போட இடமில்லை, கேட்டுவிடுகிறேன். உனக்கு டியூட்டி இல்லாத ஒரு நாளில், வாரத்துக்கு ஒரு முறை, அந்த நாவலை அதன் சொந்த மொழியில் ஒரு பக்கம் எனக்குப் போனில் வாசித்துக் காட்டுவாயா. வாசித்துவிட்டு, எந்த இடத்தில் சிரிப்பு, எந்த இடத்தில் கோபம், அங்கே உன்னைச் சுற்றி இருக்கிறவர்கள் அதை எப்படிச் சொல்வார்கள் என்று எனக்குச் சொல்ல வேண்டும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். முடியாது என்றால் முடியாது என்றே சொல், நான் வருத்தப்படுவேன், ஆனால் உன்னிடம் கேட்காமலே நீ மறுத்துவிட்டதாக நானாக நினைத்துக்கொண்டிருப்பதைவிட அது மேல். வாரத்துக்கு ஒரு பக்கம் என்றால் அந்தப் புத்தகம் முடிய எத்தனையோ வருஷம் ஆகும் என்பது எனக்கும் தெரிகிறது. பதிப்பாளருக்கு அவசரம் இருக்கலாம், அதை நான் அவரிடம் பேசிக்கொள்கிறேன். எனக்கு அவசரமில்லை. வாசிப்பாயா?

உன் பதிலுக்காகப் போனைப் பக்கத்திலேயே வைத்திருக்கும்,
அம்மா